துட்டி லீவு

சங்கத்தில் யாராவது தும்மினால்கூட அதை உறுப்பினர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது மாரீஸ்வரனின் கொள்கை. தீவு வட்டாரக் கூட்டுக் குடிநீர் வாரியத்தின் பணியாளர் சங்கத்துக்கு அவர் கிளைச் செயலாளர். அலுவலகம் இராமநாதபுரத்தில். அங்கிருந்து பாம்பன் பாலம் தாண்டி இராமேஸ்வரம் வரை எங்கெல்லாம் ஒரு மோட்டார் அறையும் துருப்பிடித்த வால்வும் இருக்கிறதோ அங்கெல்லாம் அவருக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப் குழுவில் காலையும் மாலையும் தகவல் போய்ச் சேரும். "நிர்வாகத்துடனான பேச்சுவார்த்தை சுமுகமாக நடைபெற்றது. அடுத்த பேச்சுவார்த்தைக்குத் தேதி குறிப்பது பற்றிய பேச்சுவார்த்தை விரைவில் நடைபெறும்." இப்படி ஒன்றை எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார ஒரு நெஞ்சுரம் வேண்டும். அவருக்கு அது இருந்தது.

இந்த வருஷத்துப் பெரிய கோரிக்கை துக்க விடுப்பு. வாரியத்தில் அப்படி ஒன்று கிடையாது. வீட்டில் சாவு விழுந்தால் தற்செயல் விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். தற்செயல் விடுப்பு தீர்ந்த பிறகு சாவு விழுந்தால் அதை அந்த வீட்டாரின் திட்டமிடல் குறைபாடாகவே நிர்வாகம் கருதியது. சங்கம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிருந்த சமயத்தில் கரூர்ப் பக்கமிருந்து வசந்தகுமார் என்று ஒரு நிர்வாகப் பொறியாளர் மாற்றலாகி வந்தார். சிரிக்காத மனிதர், ஆனால் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனிதர். சங்கத்தின் பழைய மனுக்களை எல்லாம் படித்துவிட்டு மாரீஸ்வரனையும் சங்கத் தலைவர் காஜா நவாஸையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"மூணு நாள், சம்பளத்தோட. ஒத்துக்கறேனுங்க. யார் இறந்தா மூணு நாள்ங்கறத மட்டும் நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார்.

அத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு நாலு உறவை எழுதிக் கொடுத்திருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். மாரீஸ்வரனுக்கோ ஜனநாயகத்தில் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். படியிறங்கும்போதே கைபேசியை எடுத்து, "எந்தெந்த உறவுகளைச் சேர்க்கலாம் என்று உறுப்பினர்கள் தங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்கவும்" என்று குழுவில் போட்டுவிட்டார். காஜா நவாஸ் அதைத் தன் கைபேசியில் படித்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற மனிதர். சங்கத்தில் எல்லாவற்றையும் பார்த்தவர்.

"மாரி, நீ தம்பட்டம் அடிச்சிட்டியேப்பா" என்றார்.

மறுநாள் விடிவதற்குள் குழு பொங்கி வழிந்துவிட்டது. மாரீஸ்வரன் மரியாதையாகத் துக்க விடுப்பு என்று எழுதியதை ஒருவரும் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைத் துட்டிக்குப் போவது என்பார்கள். அதனால் இது துட்டி லீவு ஆனது. தங்கச்சிமடம் மோட்டார் அறையிலிருந்து சந்தியாகு, ஞானஸ்நானத்தின்போது தன்னைக் கையில் ஏந்திய ஞானத்தாயைச் சேர்க்க வேண்டும் என்றார். கூடவே ஞானத்தகப்பனையும் விட்டுவிட முடியாது, அவர் மனசு கஷ்டப்படும் என்றார். முதுகுளத்தூர்ப் பக்கத்து மூக்கையா மாமனார், மாமியார், தாய்மாமன், கொழுந்தியாள், கொழுந்தியாளின் மாமனார் வரைக்கும் போனார். அந்தக் கடைசி ஆள் எதற்கு என்று கேட்டதற்கு, "அவரு துட்டிக்குப் போகலைன்னா எங்க ஊர்ல தலைகாட்ட முடியாது தோழர்" என்று பதில் வந்தது. ஒருவர் வீட்டுக் காளை மாட்டைச் சேர்க்கச் சொன்னார். போன வருஷம் அது செத்தபோது மாலை போட்டு, மேளம் வைத்து அடக்கம் பண்ணியதாகப் படமும் போட்டார். அதற்கு முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

இந்த அமளிக்கு நடுவில்தான் ஜஸீலா சங்க அறைக்கு வந்தாள். சங்க அறை என்பது இருசக்கர வாகனக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற, முன்பு பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கிவைத்திருந்த அறை. ஜஸீலா தபால் பிரிவில் இளநிலை உதவியாளர். அவளுடைய வாப்பா இதே வாரியத்தில் குழாய்ப் பொருத்துநராக இருந்து பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவள். ஒருநாளும் இந்தப் பக்கம் வராதவள் வந்து நிற்கவும் மாரீஸ்வரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, துட்டி லீவுல சாச்சியச் சேப்பீகளா?"

"சாச்சின்னா?"

"எங்க உம்மாவுக்குத் தங்கச்சி. பேரு தாஜுன்னிசா. உம்மா என்னையப் பெத்த அன்னைக்கே மௌத்தாயிட்டாக. சாச்சிதான் என்னைய எடுத்துக்கிட்டாக. அதுக்காகவே கல்யாணம் கட்டிக்கல."

மாரீஸ்வரன் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் மிச்சத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். சாச்சிக்கு ஈரல் கெட்டுவிட்டது. மதுரையில் வைத்துப் பார்த்ததில் ஜஸீலாவின் விடுப்பு அத்தனையும் தீர்ந்துபோயிற்று. டாக்டர்கள் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றுவிட்டார்கள். இப்போது பெரியபட்டினத்தில் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் இவள் வேலைக்கு வருகிறாள். தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. அனுமதியில்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள் என்று பழைய அதிகாரி காலத்திலேயே மெமோ கொடுத்துவிட்டார்கள். இந்தச் சம்பளம் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"எப்ப வேணும்னாலும் ஆயிரும்ணே. அடக்கத்துக்கு நான் நிக்கணும்ல. மூணு நாளாச்சும் அந்த வீட்ல நான் இருக்கணும்ல."

"இருப்பம்மா. நான் பாத்துக்கிறேன்" என்றார் மாரீஸ்வரன்.

சங்கச் செயலாளர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தைதான். அவள் போன பிறகு பார்த்தால் இந்தத் தடவை அது தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அவரும் என்னவெல்லாமோ செய்து பார்த்தார், இறங்கவில்லை.

அடுத்த பேச்சுவார்த்தையில் உறுப்பினர்கள் கேட்ட உறவுகள் அத்தனையையும் வசந்தகுமார் நிதானமாகப் படித்தார். காளை மாட்டு வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதுப்படி பார்த்தா ஜில்லாவுல யார் இறந்தாலும் நமக்கு லீவுங்க. தண்ணி யார் திறந்து விடுவாங்க? தாய், தகப்பன், கணவன் மனைவி, பெத்த பிள்ளை. இந்த நாலும் சரி. அஞ்சாவதா இன்னும் ஒண்ணு தர்றேன். எதுன்னு இப்பவே சொல்லிருங்க. மேலிடத்துக்கு இன்னைக்கே எழுதணும்."

காஜா நவாஸ் வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போவது மாமனார் மாமியார் என்பது அறையிலிருந்த மின்விசிறிக்குக்கூடத் தெரியும். குழுவில் அதைத்தான் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். தலைவரை முந்திக்கொண்டு மாரீஸ்வரன் சொன்னார்.

"வளர்த்தவர்."

மேசைக்கு அடியில் காஜா நவாஸின் செருப்பு மாரீஸ்வரனின் முழங்காலுக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து இறங்கியது. மாரீஸ்வரன் முகத்தை அசைக்கவில்லை. "பெத்தவங்க இல்லாம வேற ஆள் எடுத்து வளர்த்திருந்தா, அவங்க. அதுதான் சார் சங்கத்தோட கோரிக்கை" என்றார். சங்கம் அப்படி ஒரு கோரிக்கையைக் கேள்விப்பட்டதே இல்லை. வசந்தகுமார் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் காஜா நவாஸ் வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டார். "ஏம்ப்பா, உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருச்சா?"

மாரீஸ்வரன் ஜஸீலாவைப் பற்றிச் சொன்னார். காஜா நவாஸ் கேட்டுக்கொண்டே தாடியை நீவினார். முழுசையும் கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. வீணா ஒரு மிதி மிதிச்சிட்டேன்" என்றார். பிறகு, "ஆனா விளக்கக் கூட்டத்துல நீயே பேசு. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு" என்றார்.

விளக்கக் கூட்டம் பழைய பிளீச்சிங் பவுடர் அறை கொள்ளாமல் கொட்டகையில் நடந்தது. "தோழர்களே, இது ஒரு வரலாற்று வெற்றி" என்று ஆரம்பித்த மாரீஸ்வரனால் அதற்கு மேல் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை. மூக்கையா எழுந்துவிட்டார்.

"எங்க மாமியா செத்து, நான் மறுநாளே வேலைக்கு வந்தேன்னு வைங்க தோழர். என் பொண்டாட்டி அடுத்த துட்டிய எனக்கு வச்சிருவா. அப்ப சங்கம் வந்து மாலை போடுமா?"

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். யாரைக் கேட்டு முடிவெடுத்தாய், எங்களிடம் கருத்து எதற்குக் கேட்டாய், சந்தாவைத் திருப்பிக் கொடு என்றெல்லாம் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். மாரீஸ்வரன் ஜஸீலாவின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் வீட்டுச் சாவை வைத்துக் கூட்டத்தை அடக்குவது கேவலம் என்று அவருக்குத் தோன்றியது. அவள் பின்வரிசையில் தலை குனிந்து நின்றாள். அவளைப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, விழுந்த திட்டையெல்லாம் கணக்காக வாங்கிக்கொண்டு நின்றார்.

கணக்குப் பிரிவு முருகலட்சுமிதான் கூட்டத்தை அமர்த்தினாள். நல்ல எண்ணத்தில் ஒன்றுமில்லை.

"வளத்தவகன்னா யாரு வேணும்னாலும் இருக்கலாம்ல? நான் பத்தொம்பது வயசுல வாக்கப்பட்டு வந்தவ. எனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. எங்க மாமியாதான் எல்லாம் கத்துக்குடுத்து ஆளாக்குனாக. அப்ப எங்க மாமியாதான என்னைய வளத்தாக?"

அவரவர் மனசுக்குள் அவரவர் மாமியார் கையில் தவழ ஆரம்பித்தார்கள். மூக்கையா மெல்ல உட்கார்ந்தார். "அப்படிப் பாத்தா நானும் எங்க மாமனார் வீட்லதான் வளந்தேன்" என்றார். சந்தியாகு தன் ஞானத்தாயும் இதில் தாராளமாக அடங்குவார் என்று கண்டுபிடித்தார். கூட்டம் கைதட்டலோடு முடிந்தது. "உறுப்பினர்கள் ஒருமனதாக வரவேற்றனர்" என்று அன்று மாலை தகவல் போயிற்று.

மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. வளர்த்தவர் என்ற தலைப்பில் பெயர் பதியச் சொல்லி அலுவலகத்தில் இருந்த முக்கால்வாசிப் பேரும் விண்ணப்பித்திருப்பதைப் பார்த்ததும் வசந்தகுமார் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு சுற்றறிக்கை மட்டும் விட்டார். வளர்த்தவர் என்று குறிப்பிடப்படுபவர் உயிரோடு இருக்கும்போதே அதிகாரி முன் நேரில் வந்து, இன்னாரை நான்தான் வளர்த்தேன் என்று தம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் ஊழியரின் பணிப்பதிவேட்டில் ஏற்றப்படும். நடமாட முடியாதவர்களை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

சரிபார்ப்பு நாளன்று அலுவலக வராந்தா முழுக்க மாமியார்கள். முதுகுளத்தூர், சாயல்குடி, கமுதி என்று நாலா திசையிலிருந்தும் வெற்றிலைப் பையோடு வந்து இறங்கியிருந்தார்கள். ஒருத்தருக்கொருத்தர் ஊர் விசாரித்து, சம்பந்தி வழி தேடி, மதியத்துக்குள் மூன்று கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. தங்கச்சிமடத்து ஞானத்தாய் எல்லாருக்கும் கருவாடு கொண்டு வந்திருந்தார். காஜா நவாஸ் எல்லாருக்கும் டீ சொன்னார்.

முதலில் மூக்கையாவின் மாமியார் உள்ளே போனார். கதவு திறந்தே கிடந்ததால் வராந்தாவுக்கே கேட்டது.

"அம்மா, இவரை நீங்கதான் வளர்த்தீங்களா?" என்று கேட்டார் வசந்தகுமார்.

"இவனையா? பொண்ணு பாக்க வந்தப்பவே மீசை வச்சிருந்தானே" என்றார் அந்த அம்மாள்.

அடுத்தது முருகலட்சுமியின் மாமியார். அவர் மருமகளை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் கிளம்பும்போது சொல்லிக்கொடுத்து அழைத்து வந்ததெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. இருந்தாலும் பல வருஷமாக அதிகாரி ஒருவர் முன்னால் சொல்வதற்கென்று அவர் ஒன்றைச் சேர்த்துவைத்திருந்தார் போலிருக்கிறது.

"நான் வளத்திருந்தா இப்படியா சார் வளத்திருப்பேன்?"

சாயங்காலத்துக்குள் நேரில் வந்தவர்களின் விண்ணப்பங்கள் அத்தனையும் தள்ளுபடியாயின. ஞானத்தாய் மட்டும் வேதப் புத்தகத்தின்மேல் பொய் சொல்ல மாட்டேன் என்று முன்பே திரும்பிப் போய்விட்டார். மூக்கையா இரண்டு நாள் சம்சாரத்தோடு பேசவில்லை. "சரிபார்ப்பு முகாமில் உறுப்பினர்கள் குடும்பத்தினருடன் பெருந்திரளாகப் பங்கேற்றனர்" என்று எழுதி அனுப்பினார் மாரீஸ்வரன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு விண்ணப்பம்.

பெரியபட்டினத்துக்கு ஜீப்பில் போனார்கள். முன்னால் வசந்தகுமார். பின்னால் மாரீஸ்வரனும், அடையாளம் காட்டுவதற்காக ஜஸீலாவும். அவள் அன்று பணியில் இருப்பதாகவே கணக்கு. வழியெல்லாம் மாரீஸ்வரன் தெம்பாக இருந்தார். சங்கத்தின் பெயரால் பொய் சொல்லி வாங்கியதுதான், ஆனாலும் நியாயமாகச் சேரவேண்டிய ஆளிடம் போய்ச் சேரப்போகிறது. இன்று இரவு தொண்டையிலிருக்கும் முள் இறங்கிவிடும் என்று நினைத்தார்.

சின்ன ஓட்டு வீடு. கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. தாஜுன்னிசா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமும் கண்ணும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. ஆள் வந்த சத்தம் கேட்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாங்க வாப்பா. உக்காருங்க. ஏ சஃபா, சார்மாருக்குத் தண்ணி குடு" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏவினார். குரல் நைந்திருந்தது, அதிகாரம் நையவில்லை.

வசந்தகுமார் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார். "அம்மா, ஒரே ஒரு கேள்விங்க. இந்த ஜஸீலாவை நீங்கதான் வளர்த்தீங்களா?"

"இல்ல" என்றார் தாஜுன்னிசா.

ஜஸீலா கட்டிலருகே குனிந்தாள். "சாச்சி, நேத்தே சொன்னேன்ல. ஆமான்னு சொல்லுங்க. எனக்கு லீவுக்காகக் கேக்குறாக."

"லீவுக்காகக் கேட்டா? வளக்குறது ஆட்ட, கோழிய. அடுத்தவுக புள்ளைய எடுத்தாத்தான் வளத்தேன்னு சொல்லணும். நீ எம் புள்ள. பெத்த அன்னைக்கு ரத்தத்தோட உன்னைய என் கையிலதான் குடுத்தாக. அப்பலேருந்து நீ எம் புள்ளதான்."

"அப்ப உங்களைத் தாய்ன்னு எழுதணும்மா" என்றார் வசந்தகுமார். "பதிவேட்டுல தாய் இறந்துட்டாங்கன்னு ஏற்கெனவே இருக்குங்க. அதை மாத்த எனக்கு அதிகாரமில்லை. வளர்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

"சொல்ல மாட்டேன் தம்பி. நாளைக்கே அல்லா கேப்பான், எம் புள்ளைய அடுத்தவுக புள்ளன்னு ஏன் சொன்னேன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

வராந்தா நிறைய வந்திருந்த மாமியார்களில் ஒருத்தரும் இப்படி மறுக்கவில்லை. வசந்தகுமார் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். ஜஸீலா சாச்சியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று மாரீஸ்வரனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை அந்தக் காலில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

தாஜுன்னிசா அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்படி எத்தன நாளு லீவு குடுப்பீக?"

"மூணு நாள்மா" என்றார் மாரீஸ்வரன்.

"எப்ப?"

மாரீஸ்வரன் ஜஸீலாவைப் பார்த்தார்.

"நான் மௌத்தான பொறகா?"

"ஆமாம்மா."

"நான் இருக்கும்போது?"

தாஜுன்னிசா விடாமல் மாரீஸ்வரனையே பார்த்தார். "அப்பறம் வந்து இவ யாரைப் பாக்கப் போறா? இப்பத்தான வேணும். ராத்திரி வாரா, விடிஞ்சாப் போயிர்றா. பகல் பூரா அந்த வாசக்கதவத்தான் பாத்துக்கிட்டு கெடக்கேன். உங்க சங்கத்துல இதக் கேக்கலையா?"

கேட்கவில்லை. மாமனார், மாமியார், ஞானத்தாய், காளை மாடு வரைக்கும் கேட்டார்கள். எத்தனை சுற்றுப் பேச்சுவார்த்தை, எத்தனை வரலாற்று வெற்றி. உயிரோடு கிடக்கிற ஆளுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு நாள் வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. துட்டிக்குப் போகாவிட்டால் ஊர் பேசும். உயிரோடு இருக்கும்போது போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை. மாரீஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. செயலாளராக இருந்த இத்தனை வருஷத்தில் இப்படி அவர் கூசிப்போனதில்லை.

வசந்தகுமார் எழுந்தார். ஜஸீலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். பணிநேரம் இன்னும் பாக்கி இருந்தது. ஜீப் திரும்பினால் அவளும் திரும்பத்தான் வேண்டும். வாசல் வரை வந்த மாரீஸ்வரன் அங்கேயே நின்றுவிட்டார்.

"சார், சரிபார்ப்பு முடிஞ்சதா?"

"முடியலீங்களே. அவங்க சொல்லலையே."

"சொல்ல மாட்டேங்கறதும் சொன்னதுதான்னு தள்ளுபடி பண்ணிரலாமா, இல்ல நிலுவையில வைக்கலாமா?"

வசந்தகுமார் திரும்பி அவரைப் பார்த்தார். "நிலுவையில வைக்கலாம்" என்றார் யோசித்து.

"நிலுவையில இருக்கறதத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆள் வேணும்ல சார். தெனமும் கேட்டுப் பாக்கணும். நம்மகிட்ட ஜீப் ஒண்ணுதான். அலுவலகத்துலேருந்து ஒரு பணியாள் இங்கனயே இருந்தா டீசல் மிச்சம்."

வசந்தகுமார் முற்றத்தில் மேய்ந்த கோழிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். தூர அளவையும் குழாய்ச் சுற்றளவையும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"இளநிலை உதவியாளர் இங்கேயே இருந்து வாக்குமூலம் வாங்க வேண்டியது. தினமும் காலையில எனக்கும் செயலாளருக்கும் அறிக்கை அனுப்பணும். வாங்கற வரைக்கும் பணியில இருக்கறதாத்தான் கணக்கு." தாஜுன்னிசாவிடம் திரும்பி, "அம்மா, ஒண்ணும் அவசரமில்லைங்க. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"யோசிக்க என்ன இருக்கு? எத்தன தடவ கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்."

"அது உங்க உரிமைங்க" என்றார் வசந்தகுமார்.

ஜஸீலா கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலை முதல் அறிக்கை வந்தது. "இன்று கேட்டேன். மறுத்துவிட்டார்." அதற்கு அடுத்த நாள், "இன்றும் மறுத்துவிட்டார். கஞ்சி குடித்தார்" என்று வந்தது. மாரீஸ்வரன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தகவலைக் குழுவில் போடாமல் வைத்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்? இராமநாதபுரத்தில் ஒரு ரகசியம் பஸ் நிலையத்தைத் தாண்டாமல் நின்றதாகச் சரித்திரமில்லை. அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் கையெழுத்துப் போடும் முன்பே மூக்கையா வந்து நிற்பார்.

"என்ன தோழர், இன்னைக்கும் மறுத்துட்டாகளா?"

"மறுத்துட்டாக."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்.

தபால் பிரிவில் ஜஸீலாவின் வேலையை முருகலட்சுமி இழுத்துப்போட்டுப் பார்த்தாள். சந்தியாகு தங்கச்சிமடத்திலிருந்து போன் போட்டு விசாரித்துக்கொண்டார். காஜா நவாஸ் தொழுதுவிட்டு வரும்போதெல்லாம், "மறுக்கட்டும், மறுக்கட்டும். அல்லா இன்னும் நாள் குடுக்கட்டும்" என்பார். சிரிக்காத வசந்தகுமார் அறிக்கை வந்ததும் அதைக் கோப்பில் சேர்த்து, கீழே 'பார்த்தேன், தொடரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பேச்சுவார்த்தைக்கு அவர் மறுபடி தேதி கேட்டபோது, சங்கம் இந்தத் தடவை உறவு எதையும் கேட்கவில்லை. நோயில் கிடக்கிறவர் பக்கத்தில் இருக்க நாள் கேட்டது.

அறிக்கைகள் மெல்ல மெல்ல மாறின. "இன்று மறுத்துவிட்டார். உம்மாவின் கல்யாணத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார்." பிறகு, "இன்று மறுத்துவிட்டார். குரல் எழும்பவில்லை, தலையை அசைத்தார்." ஒரு வெள்ளிக்கிழமை, "கையால் மறுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டே மறுத்தார்" என்று வந்தது. மாரீஸ்வரன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அன்று யாரும் கேட்கும் முன்பே அவரே போய் மூக்கையாவிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை, அவர் அலுவலகத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது கைபேசி அதிர்ந்தது.

"இன்று மறுக்கவில்லை."

வண்டியை எங்கே நிறுத்தினார் என்று அவருக்குப் பிறகு நினைவில்லை. வசந்தகுமாரின் அறைக்குள் போனபோது அவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய கைபேசி மேசைமேல் வெளிச்சமாகக் கிடந்தது.

"வாக்குமூலம் வாங்கலை சார்" என்றார் மாரீஸ்வரன்.

"அப்போ பணி முடியலீங்க. அந்தப் பொண்ணு அங்கேயே இருக்கட்டும். மூணு நாள் கழிச்சு வந்து கடைசி அறிக்கை கொடுத்தாப் போதும்." வசந்தகுமார் கோப்பை எடுத்தார், திறக்காமல் வைத்தார். "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. வர்றவங்க எல்லாரும் வரட்டும்."

ஜீப் கொள்ளவில்லை. தண்ணீர் லாரியும் இரண்டு ஆட்டோவும் சேர்ந்துகொண்டன. மூக்கையா லாரியில் மாலையோடு ஏறியவரை, அங்கே மாலை போடும் வழக்கம் இல்லை என்று காஜா நவாஸ் கைபிடித்து இறக்கி, ஆட்டோவில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மாரீஸ்வரன் ஒரு காலை ஜீப்பின் படியில் வைத்தபடி கைபேசியை எடுத்தார். என்ன எழுதுவது என்று அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "நம் உறுப்பினர் ஜஸீலாவின் தாயார் தாஜுன்னிசா அவர்கள் இன்று காலை காலமானார். நல்லடக்கம் மாலை அஸர் தொழுகைக்குப் பின் பெரியபட்டினத்தில்" என்று எழுதி, ஒரு தடவை படித்துப் பார்த்து, அனுப்பினார்.